டேப்பும் ஸ்ப்ரேயும் போதுமா? கபடி மைதானத்தில் பிசியோவின் முதல் பத்து நிமிடம்

கேள்வி: பி.பி.டி. என்கிற பிசியோதெரபிப் பட்டப்படிப்பு முடித்து மூன்று ஆண்டுகளாக ஓர் எலும்பு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் எங்கள் ஊர்த் திருவிழாவையொட்டி இரண்டு நாள் மின்னொளி கபடிப் போட்டி. 24 அணிகள், அவற்றில் ஆறு பள்ளி அணிகள். மருத்துவ உதவிக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிரேப் பேண்டேஜ், டேப், ஐஸ் பேக், வலி ஸ்ப்ரே எல்லாம் வாங்கிவிட்டேன். வேறென்ன வாங்க வேண்டும்? விரலோ தோளோ நழுவினால் நானே இழுத்துப் பொருத்தலாமா? இன்னொன்று மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. போன வருடம் உதவிக்குப் போயிருந்தபோது, ஒரு பையனுக்கு நெற்றிப்பொட்டில் முழங்கால் பட்டது. கொஞ்ச நேரம் மலங்க மலங்க விழித்தான். முகத்தில் தண்ணீர் தெளித்து, "ஒண்ணுமில்ல, ஆடுடா" என்று திரும்ப இறக்கிவிட்டார்கள். நான் பேசாமல் நின்றேன். என்ன செய்திருக்க வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு, கடைசியாகக் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

அந்தப் பையனை அன்று திரும்ப ஆடவிட்டிருக்கக் கூடாது. தலையில் அடிபட்ட பிறகு வெறித்த பார்வை, தள்ளாட்டம், அசைவில்லாமல் கிடப்பது, கை கால் விறைப்பது, எழுந்து எதிரணிப் பக்கம் போய் நிற்பது, இவற்றில் ஒன்றைக் கண்ணால் பார்த்தாலே போதும், அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது. இதற்குச் சோதனை தேவையில்லை. நினைவு தப்பினால்தான் மூளை அதிர்ச்சி என்று நம் மைதானங்களில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மூளை அதிர்ச்சி அடைந்தவர்களில் பெரும்பாலோர் நினைவு தப்புவதே இல்லை.

வெளியே தெரியும் அறிகுறி எதுவும் இல்லாமல் சந்தேகம் மட்டும் இருந்தால் ஐந்து கேள்வி கேளுங்கள். இது எந்த ஊர் மைதானம்? இப்போது முதல் பாதியா, இரண்டாவதா? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்? இதற்கு முன் எந்த அணியோடு ஆடினீர்கள்? அதில் ஜெயித்தீர்களா? ஒன்றுக்குத் தடுமாறினாலும் வெளியே. ஐந்துக்கும் சரியாகச் சொன்னாலும் "ஒன்றுமில்லை" என்று ஆகிவிடாது. தலைவலி, குமட்டல், கண் மங்கல், "என்னவோ போல இருக்குக்கா" என்ற ஒரு வார்த்தை, இவை இருந்தால் அதுவும் வெளியேதான். 13 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான ஸ்கேட்-6 என்கிற மூளை அதிர்ச்சிச் சோதனைப் படிவத்தை ஒழுங்காக முடிக்க 10 முதல் 15 நிமிடம் ஆகும். 8 முதல் 12 வயதுக்குத் தனிப் படிவம் இருக்கிறது. நடுவர் தரும் இரண்டொரு நிமிடத்தில், ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு நடுவே அதைச் செய்ய முடியாது. வெளியே அழைத்துவந்து அமைதியான இடத்தில் செய்ய வேண்டிய வேலை அது. செய்து முடித்து நன்றாகவே வந்தாலும், மூளை அதிர்ச்சி என்று சந்தேகப்பட்ட ஆளை அன்றே திரும்ப இறக்குவதில்லை.

ஏன் இவ்வளவு கறார்? 1998 பிப்ரவரியில் டாக்காவில், பேட்ஸ்மேனுக்கு மிக அருகில் ஹெல்மெட் இல்லாமல் நின்ற கிரிக்கெட் வீரர் ராமன் லம்பாவின் நெற்றிப்பொட்டில் பந்து பட்டது. எழுந்து நடந்துதான் மைதானத்தை விட்டு வெளியே போனார். மூன்று நாளில் இறந்துவிட்டார். மண்டைக்குள் கசியும் இரத்தம் மூளையை அழுத்தும் அளவுக்குச் சேரச் சில நேரம் மணிக்கணக்கில் ஆகும். அதுவரை ஆள் பேசுவார், நடப்பார், "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அதனால் வெளியே அழைத்துவந்த பையனை வேனில் தனியாக உட்காரவைத்துவிட்டு அடுத்த ஆட்டம் பார்க்கப் போய்விடாதீர்கள். தலைவலி ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப எழுப்பத் தூங்கி விழுவது, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம், கண்மணி இரண்டும் வெவ்வேறு அளவில் தெரிவது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் கசிவது, இவற்றில் ஒன்று வந்தாலும் சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். எதுவுமே வராவிட்டாலும் அன்று அவன் பைக் ஓட்டக் கூடாது. பெற்றோருக்கு நீங்களே போன் செய்யுங்கள். பயிற்சியாளர் சொல்லிக்கொள்வார் என்று விட்டால், நள்ளிரவில் வீடு சேர்ந்த பையன் யாரிடமும் சொல்லாமல் படுத்துவிடுவான். முதல் 24 முதல் 48 மணி நேரம் லேசான நடமாட்டத்தோடு ஓய்வு. பிறகு ஆறு படிகளாக, படிக்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமல், பயிற்சியைக் கூட்ட வேண்டும். பிடி, டேஷ் என்று உடல் மோதும் பயிற்சிக்கு முன் மருத்துவர் சம்மதம் வேண்டும்.

இதெல்லாம் உங்களுக்கு ஓரளவு தெரிந்தே இருந்திருக்கும். அன்று உங்களிடம் இல்லாமல் போனது அறிவு அல்ல, அதிகாரம். ஆட்டம் சமநிலையில் இருக்கும்போது, ஊரே கத்திக்கொண்டிருக்கும்போது, அந்த அதிகாரத்தைப் புதிதாக வாங்க முடியாது. முன்கூட்டியே வாங்கிவைக்க வேண்டும். லாட் போடும் கூட்டத்துக்கு நீங்களும் போங்கள். "தலை, கழுத்து, நெஞ்சு சம்பந்தமான எந்தக் காயத்திலும் ஆளை வெளியே எடுக்கும் முடிவு மருத்துவ உதவியாளருடையது, நடுவர் அதை நடைமுறைப்படுத்துவார்" என்று கமிட்டி லெட்டர் பேடில் எழுதி, எல்லா அணி மேலாளரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கமிட்டி மறுத்தால் அந்தப் போட்டியை ஏற்காதீர்கள். அதைக் கடுமை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். அதிகாரமில்லாமல் நீங்கள் அங்கே உட்கார்ந்திருப்பது, பாதுகாப்பு இருக்கிறது என்ற பொய்யான நம்பிக்கையைத்தான் பெற்றோருக்குத் தரும்.

இனி உங்கள் மருத்துவப் பைக்கு வருகிறேன். நீங்கள் வாங்கியவை எல்லாம் ஆபத்தில்லாத காயங்களுக்கானவை. சுளுக்கும் தசைப்பிடிப்பும் கபடியில் நிறைய வரும், அவற்றை உங்களால் கண்ணைக் கட்டிக்கொண்டும் பார்க்க முடியும். அவற்றுக்குப் பத்து நிமிடம் தாமதமானால் ஒன்றும் கெட்டுவிடாது. நிமிடம் தவறினால் உயிரோ உறுப்போ போகும் காயங்கள் நாலைந்துதான். பையின் மேலடுக்கு அவற்றுக்கானது. அதில் இருக்க வேண்டியவை: கையுறை ஒரு பெட்டி, வாயோடு வாய் படாமல் மூச்சு ஊத உதவும் பாக்கெட் மாஸ்க், உடையை வெட்டும் கனமான கத்தரி, தடித்த காஸ் பேட்கள், அளவு மாற்றக்கூடிய கழுத்துக் காலர், வளைத்து வடிவம் கொடுக்கும் அலுமினிய ஸ்ப்ளிண்ட் இரண்டு, முக்கோணக் கட்டு ஆறு, டார்ச், ரத்த அழுத்தக் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, புண் கழுவ 500 மில்லி சலைன் இரண்டு பாட்டில். டேப்பும் கிரேப் பேண்டேஜும் கீழடுக்கில் இருக்கட்டும்.

பைக்கு வெளியே இருக்க வேண்டியவைதான் பெரியவை. மைதானத்தில் நிற்கும் ஆம்புலன்ஸ், இரண்டாகப் பிரித்து இருபுறமிருந்தும் ஆளுக்கு அடியில் செருகும் ஸ்கூப் ஸ்ட்ரெச்சர், ஏ.இ.டி. என்கிற மின்னதிர்ச்சிக் கருவி. பக்கத்தில் உள்ள தனியார் மருத்துவமனையிடம் கமிட்டி கேட்டால் இரண்டு நாளுக்கு ஏ.இ.டி.யோடு ஆம்புலன்ஸ் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. பரிசுத் தொகைக்கும் பட்டாசுக்கும் ஒதுக்கும் பணத்தில் இது சிறு பங்குதான் என்று அவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். 108 நம் ஊரில் நன்றாகவே வருகிறது. ஆனால் இதயம் நின்றவருக்கு அது வந்து சேரும் வரை காத்திருக்க முடியாது. நெஞ்சழுத்தமும் மின்னதிர்ச்சியும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே சரிந்தார். சில நிமிடத்துக்குள் நெஞ்சழுத்தமும் மின்னதிர்ச்சியும் மைதானத்திலேயே கிடைத்ததால் பிழைத்தார். பிறகு திரும்பவும் ஆடினார்.

எவரும் மோதாமல் ஒருவர் தானாகச் சரிந்தால், வேறு காரணம் தெரியும்வரை அது இதயம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் பலமாக அடிபட்டுச் சரிந்தாலும் அப்படித்தான். இங்கே இரண்டு விஷயம் ஏமாற்றும். இதயம் நின்றவுடன் சிலருக்குக் கை கால் வெட்டி இழுக்கும். கூட்டம் "வலிப்பு" என்று சாவிக்கொத்தைத் தேடும். இன்னொன்று, மீன் வாயைத் திறப்பதுபோல விட்டு விட்டு வரும் மூச்சிழுப்பு. அது சுவாசம் அல்ல. தட்டிக் கூப்பிட்டு அசைவில்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால், நாடி தேடி 10 விநாடிக்கு மேல் செலவழிக்காதீர்கள். ஆடுகள விரிப்பான மேட்டிலேயே தொடங்குங்கள், ஓரத்துக்குத் தூக்கிப்போக வேண்டாம். நெஞ்சுக்கு நடுவே 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக எழும்ப விடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். மாறாவிட்டால் அழுத்துபவருக்கே தெரியாமல் ஆழம் குறைந்துவிடும். ஏ.இ.டி. வந்ததும் வியர்வையைத் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஈர நெஞ்சில் பேட் ஒட்டாது என்பதை அவசரத்தில் பலரும் மறந்துபோகிறார்கள்.

கபடியில் நான் அதிகம் அஞ்சுவது கழுத்துக்காகத்தான். ரெய்டர் நடுக்கோட்டைத் தொடப் பாயும்போது கணுக்காலைப் பிடித்துவிடுகிறார்கள், தலை முதலில் மேட்டில் குத்துகிறது, அதன்மேல் நாலு பேர் விழுகிறார்கள். குவியலைக் கலைத்ததும் அணித் தோழர்கள் செய்யும் முதல் காரியம் கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைப்பது. அதைத் தடுப்பதுதான் உங்கள் முதல் சிகிச்சை. ஓடும்போதே "யாரும் தூக்காதீங்க" என்று கத்திக்கொண்டு ஓடுங்கள். அவர் பார்வை படும் பக்கமாகவே போங்கள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அந்தத் திரும்பல்தான் ஆபத்து. தலைமாட்டில் குப்புறப் படுத்தோ மண்டியிட்டோ முழங்கையை மேட்டில் ஊன்றி, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். கழுத்தின் நடுத்தண்டில் வலி, கை கால் மரப்பு, எரிச்சல், பலம் குறைவு, அல்லது நினைவு தெளிவில்லை என்றால் ஆம்புலன்ஸ் ஆட்கள் வரும்வரை அந்தக் கை எடுபடக் கூடாது. தலை ஒருபக்கம் திரும்பிக் கிடந்தால் மெதுவாக நேராக்கலாம். வலி கூடினாலோ தடை தெரிந்தாலோ அந்த நிலையிலேயே விட்டுவிடுங்கள். காலர் போட்டுவிட்டதால் கையை எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், காலர் துணைக்குத்தான். மூச்சு தடைபட்டால் தலையைப் பின்னால் சாய்க்காமல் தாடையை மட்டும் முன்னுக்குத் தள்ளுங்கள். வாந்தி வந்தால் உடலை ஒரே கட்டையாகப் புரட்ட வேண்டும். தலைக்கு ஒருவர், உடலுக்கு மூவர், பலகைக்கு ஒருவர். எண்ணிக்கை சொல்வது தலையைப் பிடித்திருப்பவர் மட்டுமே. குப்புறக் கிடப்பவர் மூச்சுவிடவில்லை என்றால் கழுத்தை நினைத்துக் காத்திருக்காமல் புரட்டி நெஞ்சழுத்தத்தைத் தொடங்க வேண்டும்.

ஆக நீங்கள் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது மற்ற எல்லாவற்றையும் வேறு யாரோ செய்தாக வேண்டும். இரண்டு மேட்டில் ஒரே நேரத்தில் ஆட்டமென்றால் ஒரு பிசியோ போதாது என்பதை இப்போதே கமிட்டியிடம் சொல்லிவிடுங்கள்.

வெப்பத்தாக்கு பகல் ஆட்டத்துக்கு மட்டும் உரியதல்ல. எடைப் பிரிவு வைத்து நடத்தும் போட்டியில், எடை பார்க்கும்வரை தண்ணீரே குடிக்காமல் ஓடி வியர்வை எடுத்துவிட்டு வரும் பையன்கள் உண்டு. புழுக்கமான இரவிலும் அவர்கள் விழுவார்கள். ஆடிக்கொண்டிருந்தவர் உளறுகிறார், தடுமாறுகிறார், உடம்பு கொதிக்கிறது என்றால் நெற்றியில் வைக்கும் வெப்பமானியை நம்பாதீர்கள், உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும்போதும் அது குறைத்துக் காட்டும். முதலில் குளிரவைத்து, பிறகு அனுப்ப வேண்டும். ஒரு தார்ப்பாயில் படுக்கவைத்து, ஆறு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடிக்க, நூறு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீரும் உடைத்த ஐஸ் கட்டியும் கொட்டி, முகம் மூழ்காமல் பார்த்துக்கொண்டு அலசுங்கள். அரை மணி நேரத்துக்குள் உள்வெப்பம் 39 டிகிரிக்குக் கீழே வர வேண்டும் என்பது கணக்கு. ஐஸ் பாரும் தண்ணீர் டிரம்மும் மாலையிலேயே வந்து இறங்கியிருக்க வேண்டும். உளறுபவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

வயிற்றில் முழங்கால் குத்து வாங்கியவருக்கு இடது விலாவுக்குக் கீழ் வலியும், அடிபடாத இடது தோள் நுனியில் வலியும் இருந்தால் மண்ணீரல் கிழிந்திருக்கலாம். வெளிறிப்போய், நாடி வேகமெடுத்தால் தாமதிக்காதீர்கள். பல் வேரோடு விழுந்தால் ஈறுக்கு வெளியே தெரியும் கிரீடப் பகுதியைப் பிடித்தெடுத்து, வேரைத் தேய்க்காமல், பிரிட்ஜில் இருந்த பாக்கெட் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் அனுப்புங்கள். டீக்கடையின் காய்ச்சிய சூடான பால் உதவாது. மூக்கில் ரத்தம் வந்தால் முன்னால் குனிந்து, மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும், அண்ணாந்து பார்க்கவைப்பது தவறு.

விரலையும் தோளையும் பொருத்தலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். நழுவல் என்று தெரிவதில் ஒரு பகுதி முறிவோடு சேர்ந்தது, எக்ஸ்ரே இல்லாமல் கண்ணுக்குத் தெரியாது. விரல் மூட்டில் உள்ளங்கைப் பக்கத் தசைநார்த் தகடு மூட்டுக்குள் சிக்கிக்கொண்டால் இழுக்க இழுக்க இறுகும். தோளில், மேற்கை எலும்பின் கழுத்தில் இருக்கும் மெல்லிய விரிசல் உங்கள் இழுப்பில் முழு முறிவாகலாம். பள்ளிப் பையன்களுக்கு எலும்பின் வளர்ச்சித் தகடே நழுவியிருக்கலாம். தொட்டுப் பார்த்து எழுத வேண்டியவை: தோளின் வெளிப்பக்கத்தில் தொடு உணர்வு, மணிக்கட்டு நாடி, விரல்களின் அசைவு, நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்புகிறதா என்பது. பிறகு இருக்கும் நிலையிலேயே கட்டி, கட்டிய பிறகும் ஒருமுறை இவற்றைப் பாருங்கள். "வலி ஊசி போட்டு அனுப்புங்க டாக்டர்" என்று கேட்பார்கள். ஊசியும் மாத்திரையும் நம் வேலை அல்ல. வலியை மறைத்து இறக்குவது யாருடைய வேலையும் அல்ல.

ஒரு மூட்டு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். முழங்கால் அலங்கோலமாக வளைந்து, தானாகவே நேராகிவிட்டது என்று நாலு பேர் சொன்னால், இப்போது பார்க்க நன்றாக இருந்தாலும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மூட்டு முழுதாக நழுவித் திரும்பியிருந்தால் பின்பக்கத் தமனி கிழிந்திருக்கலாம். பாதத்தின் மேலும் உள் கணுக்காலுக்குப் பின்னும் நாடி பாருங்கள், நாடி இருந்தாலும் அனுப்புங்கள். இரத்த ஓட்டம் 6 மணி நேரத்துக்குள் திரும்பாவிட்டால் காலை இழக்கும் அபாயம் வேகமாக ஏறுகிறது.

கணுக்கால் சுளுக்குக்கு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரு கணு எலும்புகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ, சுண்டுவிரல் பக்கப் பாத எலும்பின் அடியிலோ, பாதத்தின் உள்பக்கத்தில் இருக்கும் நாவிகுலர் எலும்பிலோ அழுத்தினால் வலி, அல்லது நாலு அடி நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. ஸ்ப்ரேயை இந்தச் சோதனைக்குப் பிறகு மட்டுமே எடுங்கள். அது தோலைக் கொஞ்ச நேரம் மரக்கவைக்கும், அவ்வளவுதான்.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கிறது. அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். உங்களுடையது காலாவதியாகியிருந்தால் இந்த வாரமே பதிவு செய்யுங்கள். அடுத்து, இரவு பத்து மணிக்கும் சிடி ஸ்கேன் எடுக்கும், நரம்பியல் அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனை எது என்று நேரில் போய் விசாரியுங்கள். தலைக்காயத்தை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, அங்கிருந்து மேல் மருத்துவமனைக்கு எழுதி வாங்குவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். கேலரி கட்டுபவர்களிடம் ஸ்ட்ரெச்சர் நுழையும் அகலத்தில் ஒரு வழி விடச் சொல்லுங்கள், அந்த வழியில் பைக் நிறுத்தாமல் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

போட்டியன்று முதல் ஆட்டத்துக்கு அரை மணி முன் ஐந்து தொண்டர்களை மேட்டில் கூட்டி, அவர்களில் ஒருவரையே படுக்கவைத்துப் புரட்டிப் பழகுங்கள். 108-ஐ அழைப்பவர் யார், வாசலில் நின்று வண்டியை உள்ளே கொண்டுவருபவர் யார், ஏ.இ.டி. எடுத்து வருபவர் யார் என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். அழைப்பவர் ஊர்ப் பெயரோடு எந்தக் கோயில், எந்தப் பள்ளிக்குப் பின்னால் என்று அடையாளம் சொல்ல வேண்டும், எதிர்முனை வைக்கும்வரை போனை வைக்கக் கூடாது. மைக் செட்காரரிடம் ஒரு சைகை பேசிவையுங்கள். நீங்கள் இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கினால் பாட்டும் வர்ணனையும் உடனே நிற்க வேண்டும். அந்தச் சத்தத்தில் மூச்சும் கேட்காது, போனும் கேட்காது. பிறகு ஸ்ட்ரெச்சரில் ஆளை ஏற்றி மேட்டிலிருந்து ஆம்புலன்ஸ் வரை ஒருமுறை நடந்து, எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் முதல் ஆட்டம் தொடங்குவதற்குள் வண்டியை இன்னும் கிட்டே கொண்டுவந்து நிறுத்தச் சொல்லுங்கள்.